முத்துக்குளித்துறைச் சான்றுகளும் வரலாற்றுத் தேர்வின் சான்றுவழி வினாக்களும்

ஆய்வுச்சுருக்கம்

வரலாற்றுத் தேர்வுகளில் ஒரு மூலச் சான்றின் பகுதியைக் கொடுத்து, அதனடியாக வினாக்கள் எழுப்பும் முறை இன்று பரவலாகியுள்ளது. நினைவாற்றலைச் சோதிப்பதினின்று சான்றுகளை ஆராயும் திறனைச் சோதிப்பதற்கு மாறுவதே இம்முறையின் நோக்கம். எனினும், சான்று கூறும் செய்தியை எடுத்தெழுதினாலே முழு மதிப்பெண் கிடைக்கும் வகையில் வினா அமையும்போது, அது வாசிப்புப் பயிற்சியாகச் சுருங்கிவிடுகிறது. தூத்துக்குடியை நடுவாகக் கொண்ட முத்துக்குளித்துறை பற்றிய சான்றுகள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவற்றின் மீதான வினாக்களுக்கு எவ்வாறு விடையளிப்பது, அவ்வினாக்களை எவ்வாறு அமைப்பது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: முத்துக்குளித்துறை, கொற்கை, சான்றுவழி வினா, மூல ஆய்வு, சலாபம், வரலாற்றுக் கல்வி.

முன்னுரை

முத்துக்குளித்துறையைப் பற்றி ஏறத்தாழ 2000 ஆண்டுகளாக எழுத்துச் சான்றுகள் கிடைக்கின்றன. கிரேக்க வணிகக் கையேடு, சங்கப் பாடல்கள், வெனிசு வணிகரின் பயணக்குறிப்பு, இயேசு சபைத் துறவியரின் மடல்கள், டச்சுக் கும்பினியின் கணக்குகள், ஆங்கில அரசின் அறிக்கைகள் எனப் பல்வகையாக அவை அமைந்துள்ளன. இவற்றிடையே ஒரு பொதுத்தன்மை உண்டு. எழுதியவர் எவரும் கடலுள் மூழ்கியவர் அல்லர். வாங்க வந்தவர், வரி பெற்றவர், சமயம் பரப்பியவர், அரசனைப் பாடியவர், நிருவாகம் செய்தவர் ஆகியோரின் எழுத்துகள் வழியாகவே குளியாளரை நாம் காண்கிறோம்.

இந்நிலை வரலாற்று ஆய்வாளர்க்குப் பழகியது. தேர்வு எழுதும் மாணவர்க்கோ இது புதிது. தேர்வுத்தாளில் அச்சாகியிருக்கும் பகுதியை ஐயத்திற்கு இடமில்லாத செய்தியாகவே மாணவர் பெரும்பாலும் கொள்கின்றனர். இக்கடற்கரை ஊர்களில் பயிலும் மாணவரைப் பொறுத்தவரை அச்சான்று அவர்தம் முன்னோரைப் பற்றியதாகவும் இருக்கக்கூடும். ஆகவே சான்றை வாசிக்கும் முறை மதிப்பெண்ணோடு முடிவதன்று. தம் சமூகத்தின் வரலாற்றை ஒருவர் எவ்வாறு அறிந்துகொள்கிறார் என்பதும் அதில் அடங்கியுள்ளது.

1. சான்றுவழி வினாவும் அதன் நோக்கமும்

சான்றுகளைப் பள்ளி வகுப்பறைக்குள் கொண்டுவந்த முயற்சிகளுள், இங்கிலாந்தில் 1972-இல் தொடங்கப்பெற்ற பள்ளிகள் மன்றத்தின் வரலாற்றுத் திட்டம் குறிப்பிடத்தக்கது. வரலாற்றை முடிந்த முடிபுகளின் தொகுப்பாகக் கற்பிக்காமல், சான்றுகளிலிருந்து முடிவுகளைக் கட்டியெழுப்பும் முறையாகக் கற்பிக்க அத்திட்டம் முனைந்தது. இந்தியாவில் 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பைத் தொடர்ந்து வெளிவந்த 12-ஆம் வகுப்பு வரலாற்றுப் பாடநூல்கள், கல்வெட்டு, பயணக்குறிப்பு, அரசாணை போன்றவற்றின் பகுதிகளைத் தனிக் கட்டங்களில் தந்தன. நடுவண் இடைநிலைக் கல்வி வாரியத்தின் அண்மைக்கால 12-ஆம் வகுப்பு வினாத்தாள் அமைப்பில், 80 மதிப்பெண்களில் 12 மதிப்பெண்கள் சான்றுவழி வினாக்களுக்குரியவை. 4 மதிப்பெண் கொண்ட மூன்று வினாக்கள் இடம்பெறுகின்றன. ஒவ்வொன்றும் 1, 1, 2 எனப் பகுக்கப்பெறுகிறது.

சான்றை வாசிப்பதில் வரலாற்றாசிரியர்க்கும் மாணவர்க்கும் உள்ள வேறுபாட்டை அமெரிக்க ஆய்வாளர் சாம் வைன்பர்க் 1991-இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாக்கியது. 8 வரலாற்றாசிரியர்களிடமும் 8 உயர்நிலைப்பள்ளி மாணவர்களிடமும் ஒரே ஆவணத்தொகுதியைக் கொடுத்து, வாசிக்கும்போது எழும் எண்ணங்களை வாய்விட்டுச் சொல்லச் செய்தார் அவர். வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஆவணத்தை எழுதியவர் யார், எப்போது எழுதினார் என்பதை முதலில் நோக்கினர். மாணவர்கள் முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரி வரை படித்துச் சென்றனர். வைன்பர்க் வரையறுத்த மூன்று செயல்களை மூலம் அறிதல், சூழலில் வைத்தல், பிற சான்றோடு ஒப்புநோக்கல் எனத் தமிழில் குறிக்கலாம். இம்மூன்றும் முத்துக்குளித்துறைச் சான்றுகளில் எவ்வாறு பயன்படுகின்றன என்பதைப் பின்வரும் பகுதிகள் காட்டும்.

2. கொற்கை பற்றிய குறிப்பும் இருவகை விடைகளும்

கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற பெரிப்ளுஸ் என்னும் கடல்வழி வணிக நூல், பாண்டிய நாட்டுக் கொற்கையில் முத்துக்குளிப்பு நடைபெறுவதையும், அதில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்படுவதையும் குறிப்பிடுகிறது. இப்பகுதியைத் தந்து, “கொற்கையில் முத்துக்குளித்தவர் யாவர்?” என்று வினவினால் எளிய விடை ஒன்று கிடைக்கும்: “தண்டனை பெற்ற குற்றவாளிகள் முத்துக்குளித்தனர்.” வினாவை நோக்க இவ்விடை சரியானது. மதிப்பெண்ணும் கிட்டும். ஆனால் வரலாற்று நோக்கில் இது குறைவிடை.

மூலம் அறிதலிலிருந்து தொடங்குவோம். நூலாசிரியரின் பெயர் தெரியவில்லை. எகிப்திலிருந்து வணிகம் செய்த கிரேக்க மொழியினர் அவர் என்பது அறிஞர் பலரின் கருத்து. முசிறி, நெல்கிந்தா ஆகிய மேலைக்கரைத் துறைகளில் இறக்குமதியாகும் பொருள்களையும் ஏற்றுமதியாகும் பொருள்களையும் அவர் விரிவாகப் பட்டியலிடுகிறார். குமரியைக் கடந்ததும் செய்திகள் சுருங்குகின்றன. கீழைக்கரையை அவர் நேரில் காணாமல் பிறர் வாய்க்கேட்டு எழுதியிருக்கக்கூடும் என ஆய்வாளர் கருதுவதற்கு இச்சுருக்கமும் ஒரு காரணம். மேலும், முத்தை வாங்க வரும் வணிகர்க்காக எழுதப்பட்ட கையேடு அது. எப்பொருள் எத்துறையில் கிடைக்கும் என்பது அதன் முதன்மைக் கவலை. உழைப்போரின் சமூக நிலை அன்று.

அடுத்தது ஒப்புநோக்கல். கி.பி. இரண்டாம் நூற்றாண்டினரான தாலமியும் கொற்கைப் பகுதியின் முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகிறார். அவரிடத்தில் குற்றவாளிகள் பற்றிய பேச்சு இல்லை. மாங்குடி மருதனார் இயற்றிய மதுரைக்காஞ்சி, கொற்கையை முதிர்ந்த முத்துக்களோடும், சங்கு குளிப்போர் இருப்பு என உரை கொள்ளும் சேரியோடும், கள்ளை உணவாகக் கொள்வோர் வாழும் பாக்கத்தோடும் இணைத்துக் கூறுகிறது. அங்கு வாழ்வோர் பாண்டியன் நெடுஞ்செழியனை விரும்பினர் என்றும் சொல்கிறது. சேரியும் பாக்கமும் நிலைத்த குடியிருப்புகளைச் சுட்டும் சொற்கள். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1968-69-இல் கொற்கையில் நடத்திய அகழாய்வும் அங்குச் சங்குத் தொழில் நடைபெற்றதற்கான தடயங்களை வெளிக்கொணர்ந்தது.

இவ்விடத்தில் எதிர்த்திசைப் பிழை ஒன்றும் நேரக்கூடும். பெரிப்ளுஸ் அயலார் நூல், ஆகவே அது பொய். மதுரைக்காஞ்சி நம்மவர் நூல், ஆகவே அது மெய் என எழுதுவதும் முறையன்று. மதுரைக்காஞ்சியும் அரசனை முன்னிலைப்படுத்திப் பாடப்பெற்றது. மக்கள் அரசனை விரும்பினர் என்னும் கூற்றைப் புகழ்மொழியாகவும் கொள்ள வேண்டியுள்ளது. அரசுரிமையாக இருந்த முத்துக்குளிப்பில் கட்டாய உழைப்பு ஒரு பகுதியாக இருந்திருக்கலாம் என்பதை அப்பாடலால் மறுக்க இயலாது.

எனவே நிறைவான விடை பின்வருமாறு அமையலாம்: “குற்றவாளிகள் முத்துக்குளித்ததாக இச்சான்று கூறுகிறது. இதன் ஆசிரியர் வணிக நோக்கில் எழுதியவர். கீழைக்கரை பற்றிய அவர் குறிப்புகள் சுருக்கமானவை. சமகாலத்தை ஒட்டிய தமிழ்ச் சான்று கொற்கையில் நிலைத்த கடற்றொழிற் குடியிருப்புகள் இருந்ததைக் காட்டுகிறது. எனவே அரசின் கட்டுப்பாட்டில் கட்டாய உழைப்பும் இடம்பெற்றிருக்கலாம் என்று கொள்ளலாமேயன்றி, குளித்தோர் அனைவரும் குற்றவாளிகள் என முடிவுசெய்ய இச்சான்று மட்டும் போதாது.” ஐந்து வரிக்கு மிகாத இவ்விடையில் வைன்பர்க் குறிப்பிட்ட மூன்று செயல்களும் அடங்கியுள்ளன.

3. ஒரே எழுத்தாளர், இருவகை வாசகர்: சவேரியார் மடல்கள்

எழுதியவரை அறிந்தால் மட்டும் போதாது. யாருக்கு எழுதினார் என்பதையும் அறிய வேண்டும். இதற்குப் புனித பிரான்சிசு சவேரியாரின் மடல்கள் சிறந்த எடுத்துக்காட்டு. முத்துக்குளிப்பு உரிமை தொடர்பான மோதலின் பின்னணியில் பரதவர் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடினர். 1536-37-ஆம் ஆண்டுகளில் பெருந்திரளாகக் கிறித்தவம் தழுவினர். சவேரியார் 1542-இன் இறுதிப்பகுதியில் இக்கரைக்கு வந்தார்.

1544 சனவரியில் கொச்சியிலிருந்து உரோமையிலுள்ள தம் சபைத் தோழர்க்கு அவர் எழுதிய மடல் புகழ்பெற்றது. திருமுழுக்கு அளித்து அளித்துக் கைகள் சோர்ந்துபோவதை அதில் அவர் தெரிவிக்கிறார். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் கற்றோர் இப்பணிக்கு வர வேண்டும் என்னும் வேட்கையையும் வெளிப்படுத்துகிறார். அம்மடல் 1545-இல் பாரிசில் அச்சிடப்பெற்றுப் பரவியது. அதே 1544-ஆம் ஆண்டில் மணப்பாடு, புன்னைக்காயல் முதலிய ஊர்களிலிருந்து, இக்கரையிலேயே பணியாற்றிய உடன்பணியாளர் மான்சிலாசுக்கு அவர் எழுதிய சிறு மடல்கள் பல. வடுகர் படையெடுப்பினால் மக்கள் ஊரைவிட்டுப் பாறைத்திட்டுகளுக்கு ஓடிப் பசியால் வாடியதும், கரைப்பொறுப்பிலிருந்த போர்த்துக்கீசியத் தலைவரின் நடத்தை மீதான மனக்கசப்பும் அவற்றில் வெளிப்படுகின்றன.

இரு வகை மடல்களும் ஒரே கையால், ஒரே ஆண்டில், ஒரே மக்களைப் பற்றி எழுதப்பெற்றவை. முதல்வகை ஆதரவும் ஆள்களும் திரட்டும் நோக்குடையது. இரண்டாம்வகை அன்றாடச் சிக்கலைத் தீர்க்க எழுதப்பெற்றது. தேர்வுத்தாளில் முதல் மடல் மட்டும் இடம்பெற்றால் மதமாற்றத்தின் வெற்றிக்கதை கிடைக்கும். இரண்டையும் அருகருகே வைத்தால், பாதுகாப்பு வேண்டி அணிமாறிய மக்களுக்கு அப்பாதுகாப்பு எவ்வளவு கிடைத்தது என்னும் வினா எழும்.

இங்கு மாணவர் கற்க வேண்டிய விதியொன்றும் உண்டு. ஒருவர் தம் தரப்பைப் புகழ்ந்து எழுதுவதைவிடத் தம் தரப்பைக் குறைகூறி எழுதுவது கூடுதல் நம்பகம் உடையது. போர்த்துக்கீசிய அரசின் ஆதரவில் இயங்கிய துறவியே போர்த்துக்கீசிய அலுவலரைக் கண்டிக்கும்போது, அக்கண்டனத்தைப் பகைமையின் விளைவென எளிதில் தள்ளிவிட இயலாது. “இச்சான்று சார்புடையது” என்று எழுதி நிறுத்துவது பல விடைத்தாள்களில் காணப்படும் குறை. எல்லாச் சான்றும் ஏதோ ஒரு சார்புடையதே. அச்சார்பு எப்பக்கம் இழுக்கிறது, இழுப்புக்கு எதிராகச் சான்று எங்கே பேசுகிறது என்பதைச் சொல்வதே விடை.

4. கல்லும் பங்கும்: கணக்கு ஆவணங்களை வாசித்தல்

1658-இல் தூத்துக்குடி டச்சுக்காரர் வசமாயிற்று. இடையிடையே கைமாறி, 1825-இல் ஆங்கிலேயரிடம் நிலையாகச் சென்றது. இக்காலச் சான்றுகளில் கணக்குகள் மிகுதி. எண்கள் இருப்பதால் இவை நடுநிலையானவை என்னும் எண்ணம் மாணவரிடையே எளிதில் தோன்றும். அவ்வெண்ணத்தையும் ஆராய வேண்டியுள்ளது.

சலாபத்தின் கணக்கலகு ‘கல்’. குளியாளர் விரைந்து அடியாழம் செல்லக் கயிற்றில் கட்டிய கல்லின் துணையோடு இறங்குவர். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். டச்சுக்கால ஆவணங்களில் மதுரை நாயக்கர், சேதுபதி, பரதவர் தலைவர்களான பட்டங்கட்டிகள், காயல்பட்டினத்து முசுலிம் தலைவர் ஆகியோரின் உரிமைகள் இத்தனை கல் என்றே குறிக்கப்பெறுகின்றன. ஆக, ஒரு கல் என்பது பொருளையும் குறிக்கும். வருவாய் உரிமையையும் குறிக்கும். அக்கல்லோடு மூழ்கிய மனிதர் அக்கணக்கில் தனியாக இடம்பெறுவதில்லை.

இவ்விடத்தில் சான்றை எதிர்த்திசையில் வாசிக்கலாம். ஒரு கல்லுக்கு இருவர் முறைவைத்து மாறிமாறி மூழ்கும் வழக்கம் பிற்காலச் சலாபங்களில் பதிவாகியுள்ளது. அம்முறை நிலவிய சலாபத்தில் 100 கல் என ஓர் ஆவணம் கூறினால், ஏறத்தாழ 200 குளியாளர் இருந்தனர் என்பது பெறப்படும். கயிறு பிடித்தோர், படகோட்டியோர், கரையில் சிப்பி எண்ணியோர் ஆகியோரையும் சேர்த்தால் தொகை மேலும் உயரும். உரிமைக் கணக்காக எழுதப்பட்ட ஆவணத்திலிருந்து உழைப்போர் தொகையை மீட்டெடுக்கும் இத்தகைய கணக்கீட்டை 2 மதிப்பெண் வினாவாகவே கேட்கலாம்.

ஆங்கில அரசின் காலத்தில் சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் 1889-ஆம் ஆண்டுத் தூத்துக்குடிச் சலாபத்தைக் கண்டு எழுதினார். அவர் நூல் 1890-இல் வெளிவந்தது. கடலுயிர் ஆய்வாளர் ஜேம்ஸ் ஹார்னெல் 1905-இல் மன்னார் வளைகுடா முத்துக்குளிப்புப் பற்றி அறிக்கை அளித்தார். எடுக்கப்பெற்ற சிப்பிகளில் மூன்றில் இரு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு குளித்தோர்க்கும் என்பது அக்காலப் பங்கீடு. அரசின் பங்கு ஆயிரக்கணக்கில் ஏலம் விடப்பட்டது. ஆண்டுக்கணக்கில் சிப்பி இல்லாமற் போவதன் காரணங்களை நீரோட்டம், மணல், சிப்பியைத் தின்னும் மீன்கள் எனக் கடலியல் நோக்கில் இவ்வகை அறிக்கைகள் ஆராய்கின்றன. சலாபம் இல்லாத ஆண்டுகளில் குளியாளர் குடும்பம் எவ்வாறு பிழைத்தது என்பது அறிக்கைகளின் மையப்பொருளன்று. அரசு எதை அறிய விரும்பியதோ அதையே அறிக்கை அறிந்துவைத்தது. ஆகவே, “இச்சான்று எவ்வினாவுக்கு விடை சொல்ல எழுதப்பட்டது?” என்பது கணக்கு ஆவணங்களின் முன் மாணவர் எழுப்ப வேண்டிய முதல் வினா.

5. நெடுங்கால ஒப்புநோக்கல்: கடல்கட்டி

காலத்தால் விலகிய சான்றுகளையும் ஒப்பிடலாம் என்பதற்குச் சுறாவைக் கட்டும் வழக்கம் ஓர் எடுத்துக்காட்டு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடலைப் பற்றிக் கூறும் மார்க்கோ போலோ, சித்திரை, வைகாசியை ஒட்டிய பருவத்தில் குளிப்பு நடைபெற்றதையும், வணிகர் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு அளித்ததையும், பெருமீன்கள் தீங்கு செய்யாதவாறு மந்திரிப்போர்க்கு இருபதில் ஒரு பங்கு சென்றதையும் பதிவுசெய்கிறார். அம்மந்திரிப்போரை அவர் பிராமணர் என்கிறார். 19-ஆம் நூற்றாண்டில் இலங்கைக் கரைச் சலாபத்தை விவரித்த எமர்சன் டென்னன்ட் 1859-ஆம் ஆண்டு நூலில், இவ்வழக்கம் தொடர்வதையும் அதற்கு ஆங்கில அரசே ஊதியம் அளித்ததையும் குறிப்பிடுகிறார். அப்பணி குறிப்பிட்ட குடும்பத்தின் மரபுரிமையாக இருந்தது. மந்திரிப்பவர் தமிழில் கடல்கட்டி எனப்பட்டார்.

600 ஆண்டு இடைவெளியில், ஒருவரையொருவர் சாராத நோக்குடைய இருவர் ஒரே வழக்கத்தைக் குறிப்பதால், அவ்வழக்கம் நிலவியது என உறுதியாகக் கொள்ளலாம். மந்திரித்தவர் எச்சமூகத்தவர் என்னும் செய்தியிலோ அத்தகைய உறுதி இல்லை. அயலவர் கண்ணுக்குச் சடங்கு எளிதில் தெரியும். சடங்கு செய்பவரின் சமூக அடையாளம் எளிதில் விளங்காது. ஒரே சான்றின் ஒரு செய்தியை ஏற்று, மற்றொரு செய்தியை ஐயுறலாம் என்பதை இவ்வெடுத்துக்காட்டு உணர்த்துகிறது. பெரிப்ளுஸ் கூறும் ‘குற்றவாளிகள்’ என்னும் அடையாளத்தையும் இந்நோக்கில் மீண்டும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

6. வினா அமைப்புக்கான பரிந்துரை

மேற்கண்டவை விடையெழுதுவோர்க்கு மட்டும் உரியவையல்ல. வினா எவ்வாறு கேட்கிறதோ அவ்வாறே வகுப்பறை அமையும். நடப்பிலுள்ள 1, 1, 2 என்னும் மதிப்பெண் பகுப்பை மாற்றாமலே வினாவை மேம்படுத்த இயலும். முதல் வினா, சான்றை எழுதியவர் எந்நிலையில் இருந்து, யாருக்காக எழுதினார் என்பதைக் கேட்கலாம். இரண்டாம் வினா, சான்றின் உள்ளடக்கத்தைக் கேட்கலாம். 2 மதிப்பெண்ணுக்குரிய மூன்றாம் வினா, இச்சான்றிலிருந்து எதை உறுதியாகக் கூறலாம், எதைக் கூற இயலாது, கூற வேண்டுமெனில் வேறு எவ்வகைச் சான்று தேவை எனக் கேட்கலாம்.

இதற்குச் சான்றின் தலைப்பில் நூற்பெயரை மட்டும் தருவது போதாது. ஆசிரியர், காலம், எழுதிய சூழல் ஆகியவற்றை இரு வரிகளில் தர வேண்டும். அவை இல்லாமல் மூலத்தை ஆராயச் சொல்வது மாணவரை மீண்டும் மனப்பாடத்திற்கே தள்ளும். விடைக்குறிப்பிலும் ஒரு மாற்றம் வேண்டும். “கூற இயலாது” எனக் காரணத்தோடு எழுதும் விடைக்கு மதிப்பெண் உண்டு எனத் திருத்துவோர்க்குத் தெளிவாகச் சொல்லப்பட வேண்டும். இல்லையெனில், எச்சரிக்கையோடு எழுதிய மாணவர் இழப்படைவர். சான்றின் வரியை அப்படியே பெயர்த்தெழுதியவர் பயன்பெறுவர்.

முடிவுரை

முத்துக்குளித்துறையின் சான்றுகள் குளியாளரைக் குற்றவாளி என்றும், திருமுழுக்குப் பெற்றவர் என்றும், கல் என்றும், மூன்றில் ஒரு பங்கு என்றும் குறித்துச் செல்கின்றன. இக்குறிப்புகள் ஒவ்வொன்றும் எழுதியவரின் தேவையிலிருந்து பிறந்தவை. சான்றுவழி வினா அத்தேவையை வெளிக்கொணருமாயின், மாணவர் வரலாற்று முறையைக் கற்பர். சான்றின் சொல்லை மட்டும் திருப்பிக் கேட்குமாயின், பழைய ஆவணம் இட்ட பெயரை இன்றைய தேர்வு மீண்டும் ஒருமுறை உறுதிசெய்ததாகவே முடியும்.

இத்துறையின் அண்மைக்கால வரலாற்றுக்கு மற்றொரு வாய்ப்பும் உண்டு. அரசு நடத்திய பெருஞ்சலாபங்களின் இறுதித் தொடர் 1955 முதல் 1961 வரை நடைபெற்றது. 1961-இல் இருபது வயதில் மூழ்கியவர் இன்று எண்பதைக் கடந்திருப்பார். அவர்தம் நினைவுகளும் ஒருவகைச் சான்றே. ஏனைய சான்றுகளுக்குப் பொருந்தும் அதே ஆய்வுமுறை அவற்றுக்கும் பொருந்தும். ஆயினும், 2000 ஆண்டுச் சான்று வரிசையில் மூழ்கியவரே பேசும் சான்றாக அவை அமையும். தூத்துக்குடிக் கரையிலுள்ள கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள் தம் மாணவரைக் கொண்டு அவற்றைப் பதிவுசெய்து, வகுப்பறைச் சான்றாகவும் தேர்வுச் சான்றாகவும் பயன்படுத்துதல் வேண்டும். இப்பணிக்கு எஞ்சியுள்ள காலம் மிகக் குறைவு.